ஒரு ரயிலுக்கு ஒரு வாய்

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தண்டவாளம் தெரியும். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகிற வழி. பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பினால் என் மகள் வாயைப் பிளந்தபடி பார்ப்பாள். அந்த நொடியில் பருப்பு சாத உருண்டையை உள்ளே வைத்துவிட வேண்டும். வண்டி மறைந்ததும் வாய் மூடிவிடும். அப்புறம் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. அன்றைக்கு அவள் சாப்பாடும் குறைவு.

ஒரு ரயிலுக்கு ஒரு வாய் என்ற இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஏழு ஆகும். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மதிய ஷிஃப்ட். ஆகவே காலைச் சாப்பாடு என் பொறுப்பு, மதியம் அத்தை, இரவு மனைவி. மூன்று பேரும் ஒரே மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணத்தைத்தான் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாளடைவில் அந்தக் கிண்ணத்தைக் கண்டாலே பாப்பா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அப்போது அவளுக்கு ஒரு வயது பத்து மாதம்.

எத்தனை வாய் உள்ளே போனது என்று எண்ணுவது என் பழக்கம். எண்ணி, மனைவிக்கு வாட்ஸாப்பில் அனுப்புவேன். "இட்லி, 9 வாய்." "பொங்கல், 4 வாய், ஒன்று துப்பிவிட்டாள்." மதியம் அத்தையிடமிருந்து எனக்கு இதே மாதிரி கணக்கு வரும். இருபதைத் தாண்டினால் அன்று வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஐந்துக்குக் கீழே போனால் யாரும் யாரோடும் பேச மாட்டோம். பத்து கிலோ எடையுள்ள ஓர் ஆள் எங்கள் மூவரின் மனநிலையையும் இப்படித் தன் கையில், சரியாகச் சொன்னால் தன் வாயில், வைத்திருந்தாள்.

ரயில் போதாமல் போனபோது செல்போன் வந்தது. பாட்டு ஓடும், அவள் கண் திரையில் இருக்கும், வாய் தானாகத் திறக்கும். பத்தே நிமிடத்தில் கிண்ணம் காலி. இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒருநாள் அப்படி முழுக் கிண்ணமும் முடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து முகம் கழுவிவிடும்போது பார்த்தால், இடது கன்னம் புடைத்திருந்தது. விரலை விட்டு எடுத்தேன். மூன்று நான்கு வாய்ச் சாதம் அப்படியே உள்ளே அடங்கியிருந்தது. சாப்பிடுவது இன்னொருவருடைய வேலை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ஊற்றுகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்வோம் என்பது போல.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், அவளை மடியில் படுக்கவைத்து, இரண்டு கைகளையும் என் இடது கையால் பிடித்துக்கொண்டு ஊட்டினேன். என் அம்மா எனக்கு அப்படித்தான் ஊட்டியதாகப் பெருமையாகச் சொல்லுவார். மூன்றாவது வாயில் அவள் மூச்சு முட்ட அழுது, எல்லாவற்றையும் என் சட்டையில் வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த பாலும் சேர்ந்து வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மஞ்சள் கிண்ணத்தைக் கண்டு ஒளிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அறிவுரைக்குக் குறைவில்லை. கீழ்வீட்டு அக்கா, தன் பேரன் இதே வயதில் முழு தோசை சாப்பிடுகிறான் என்றார். கேட்காமலே சொன்னார். அத்தை வாரம் இரண்டு முறை உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றிப் போட்டார். எங்கள் அடுப்பில் நெடி வந்ததைப் பார்த்தால் கண் ஒன்றும் பெரிதாகப் பட்டிருக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் "பசி மருந்து" ஒன்று வாங்கினோம், சீட்டு இல்லாமல். அதைக் கொடுத்த இரண்டு நாளும் பாப்பா மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். பிறகுதான் தெரிந்தது. பசியைத் தூண்ட என்று கொடுக்கப்படும் சிப்ரோஹெப்டடின் அடிப்படையில் ஒரு அலர்ஜி மருந்து; தூக்கம் வருவது அதன் இயல்பு. டாக்டர் பிறகு இதற்காக எங்களைத் திட்டினார். அந்தத் திட்டு நியாயமானது.

அந்த டாக்டரம்மாவிடம் போனதே திருஷ்டி, சிரப் எல்லாம் முடிந்த பிறகுதான். குழந்தை எதையும் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் எங்களை விட்டுவிட்டு பாப்பாவைப் பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காத கேள்விகளாகக் கேட்டார். சாப்பிடும்போது இருமல் வருகிறதா? தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? எத்தனை வார்த்தை பேசுகிறாள்? முன்பு சாப்பிட்டதை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறாளா? சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சில குழந்தைகள் சாப்பிட மறுப்பதற்கு விழுங்குவதில் உள்ள சிக்கலோ, வளர்ச்சியில் உள்ள வேறுபாடோ காரணமாக இருக்கும், அதை அடம் என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள் என்றார். எங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்து எடை. 10.2 கிலோ. நான் போனில் தேடி வைத்திருந்த எண்ணைச் சொன்னேன்: 11 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டுமே? அவர் தடுப்பூசி அட்டையைத் திருப்பி வளைகோடுகளைக் காட்டினார். "சார், பதினொண்ணுங்கிறது நடுவுல இருக்கிற குழந்தை. நூறு பெண் குழந்தைங்கள எடை வரிசையில நிக்க வெச்சா உங்க பொண்ணு முன்னாலேர்ந்து இருபத்தஞ்சாவது. யாராவது ஒருத்தர் அங்க நின்னுதானே ஆகணும்?" இது வெள்ளைக்காரக் குழந்தைகளின் கணக்காக இருக்குமோ என்று இழுத்தேன். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல் அது, ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து செய்தது, அதில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு என்றார். அந்த வாயிலும் மண்.

அப்புறம் அவர் போட்ட கணக்குதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. பிறந்தபோது 2.8 கிலோ. ஒரு வயதில் 8.4. சரியாக மூன்று மடங்கு. முதல் வருடத்தில் ஏறியது 5.6 கிலோ. அடுத்த பத்து மாதத்தில் ஏறியது 1.8 கிலோ மட்டும். இது குறைபாடு இல்லை, எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டாவது வருடத்தில் வளர்ச்சியின் வேகம் இப்படித்தான் இறங்கும். முதல் வருட வேகத்திலேயே மூன்று மூன்று மடங்காகப் போனால் மூன்று வயதில் எழுபத்தைந்து கிலோ வந்து நிற்பாள். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். பத்து மாதத்தில் வழித்து வழித்துச் சாப்பிட்ட குழந்தை ஒன்றே முக்கால் வயதில் வாயை மூடிக்கொள்வது அதனால்தான். போதாததற்கு, புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகப்படுகிற குணமும் இந்த வயதில்தான் தொடங்குகிறது. நடக்கக் கற்ற குழந்தை கண்ட இலையையும் காயையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த பூட்டு என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பூட்டு, பாவம், புடலங்காய்க்கும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது.

நிம்மதியாக எழுந்தோம். "உக்காருங்க. பால் எவ்வளவு குடிக்கிறா?"

மனைவி சொன்னாள்: காலையில் ஒரு பாட்டில். நான் சொன்னேன்: பதினொரு மணிக்கு ஒரு பாட்டில், இட்லி சாப்பிடாததால். அத்தை சொன்னார்: சாயங்காலம் ஒரு பாட்டில், மத்தியானம் சாதம் இறங்காததால். பிறகு மனைவி மெதுவாக: இரவு தூக்கத்தில் ஒரு பாட்டில். ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தது அந்த அறையில்தான். நான்கு இருநூறு, 800 மில்லி. தண்ணீர் கலக்காத பச்சை பாக்கெட் பால், ஏறத்தாழ 575 கலோரி. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே எண்ணூற்றுச் சொச்சம். அதில் முக்கால்வாசி பாட்டிலிலேயே போய்விட்டது. மிச்சத்துக்கு இரண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம். ரயில் வேடிக்கை காட்டி நாங்கள் திணித்ததெல்லாம் நிறைந்த வயிற்றின் மேல்தான்.

பாலில் இரண்டு ஸ்பூன் மால்ட் பவுடர் வேறு. "ஹெல்த் டிரிங்க்" என்று எல்லோரும் சொல்வதுதான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இவற்றை ஹெல்த் டிரிங்க் என்ற பிரிவில் காட்டாதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. அப்படி ஒரு வகை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லையாம். எங்கள் வீட்டு அலமாரிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்த டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 9.8. குறைந்தது 11 இருக்க வேண்டும். பசும்பாலில் இரும்புச்சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை. மற்ற சாப்பாட்டிலிருந்து இரும்பு உடம்பில் ஏறுவதையும் அது தடுக்கிறது. இரும்பு குறைந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் "பாலாவது குடிக்கட்டும்" என்று நாம் இன்னொரு பாட்டில் கொடுப்போம். மாவு அரைக்கிற கிரைண்டர் போல இது சுற்றிக்கொண்டே இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று பிறகு படித்தேன். இதில் எல்லாருமே சாப்பாடு இல்லாத வீட்டுக் குழந்தைகளாக இருக்க முடியாது. எங்கள் வீட்டில் நெய் எப்போதும் இருக்கும்.

இரும்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், பின்னாலேயே கொஞ்சம் சாத்துக்குடிச் சாறு கொடுங்கள், மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார். சொல்லியும் அத்தை பயந்தார். பாலை ஒரு நாளைக்கு 400 மில்லிக்கு மேல் போகவிடாதீர்கள்; பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளரில் கொடுங்கள்; இரவுப் பாலை நிறுத்துங்கள்.

இரவுப் பாலை நிறுத்தியது மூன்று ராத்திரிப் போராட்டம். இரண்டாம் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கீழ்வீட்டு அக்காவே மேலே வந்து கதவைத் தட்டினார். அத்தை என்னிடம் நேரடியாகச் சண்டை போட மாட்டார். மகளிடம், எனக்குக் கேட்கும்படி, "பச்சப் புள்ள பாலுக்கு அழுவுது, பார்த்துக்கிட்டு நிக்கிறோம், இந்தப் பாவம் சும்மா விடுமா" என்றார். நான்காம் இரவு பாப்பா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினாள். ஐந்தாம் நாள் காலை, எட்டு மணிக்கு, யாரும் கூப்பிடாமல் அடுப்படிக்கு வந்து இட்லிக் கொப்பரையைத் தொடப் போனாள். பசி என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கும்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பசி வந்தால் போதாது, நாங்கள் அடங்க வேண்டியிருந்தது.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் ஒரு பங்கீடு சொல்லியிருக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். அவ்வளவுதான். இதை அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பசிச்சா தானா சாப்பிட்டுக்கும்னா அப்புறம் நாம எதுக்கு இருக்கோம், மாப்ள?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா தன்வினை பிறவினைக்கு எழுதிப்போட்ட உதாரணம் ஞாபகம் வந்தது: உண்டான், ஊட்டினான். உண் என்பதன் பிறவினை ஊட்டு. ஊட்டம், ஊட்டச்சத்து எல்லாம் அந்தப் பிறவினையில் பிறந்த சொற்கள்தான். சத்து என்றாலே யாரோ ஒருவர் கையால் வாயில் வைப்பது என்று மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. தெருவில் பார்த்தால் கேட்பதே "சாப்டாச்சா?" தான். நான்கு பிள்ளைகளை வளர்த்த அத்தையிடம் போய் உங்கள் கையை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றால், அவர் காதில் அது உங்கள் பாசம் வேண்டாம் என்று விழும். இதை வெளிநாட்டு நிபுணர்கள் யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்தோம்: பாப்பாவுக்கு ஊட்டக் கூடாது, ஆனால் அத்தை அவள் எதிரே உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். அதுவரை அவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு ஆறிப்போன சோற்றைத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மஞ்சள் கிண்ணத்தைப் பரணில் போட்டோம். காது குத்துக்கு வந்த, பேர் வெட்டின சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்தோம். தரையில் பழைய போஸ்டர் துணி. மிக்ஸியில் அடித்த குழைசாதம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்பது பத்து மாதத்திலேயே கட்டி கட்டியாகக் கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டுமாம். ஆகவே நாங்கள் சாப்பிடுவதே அவளுக்கும், காரம் போடுவதற்கு முன் எடுத்து வைத்தது. இருபது நிமிடம். பிறகு தட்டை எடுத்துவிடுவோம், திட்டாமல், கெஞ்சாமல். அடுத்த வேளை வரை பிஸ்கட் கிடையாது. கெஞ்சாமல் இருப்பதுதான் கஷ்டம். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பது நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை மோர் ஊற்றி விழுங்குவேன்.

முதல் வாரம் அவள் சாப்பிட்டதைவிடத் துணி சாப்பிட்டது அதிகம். ரசத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். ஒரு நாள் கால் இட்லி. அடுத்த நாள் மூன்று இட்லி, பிறகு மத்தியானம் வெறும் அப்பளம். இதை வைத்து எப்படி நிம்மதியாக இருப்பது? இங்கேதான் இன்னொரு கணக்கு கைகொடுத்தது. லீயன் பர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்டது. இரண்டு முதல் ஐந்து வயதுள்ள 15 குழந்தைகள் ஆறு நாட்களில் சாப்பிட்டதையெல்லாம் அளந்தார்கள். ஒரு வேளைக்கும் அடுத்த நாள் அதே வேளைக்கும் 34 சதவீதம் அளவுக்கு ஏற்ற இறக்கம். ஆனால் ஒரு நாளின் மொத்தக் கலோரி என்று பார்த்தால் ஏற்ற இறக்கம் 10 சதவீதம்தான். காலையில் விட்டதைக் குழந்தை மாலையில் எடுத்துக்கொள்கிறது. அதாவது நான் வாய் வாயாக எண்ணி அனுப்பியதெல்லாம், மழை பெய்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கையை நீட்டிப் பார்த்தது மாதிரி.

எண்ணும் பழக்கம் என்னை விடவில்லை. எதை எத்தனை முறை தட்டில் வைத்தோம் என்று காலண்டரில் குறிக்கத் தொடங்கினேன். ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்க எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து முறைகூடக் கண்ணில் பட வேண்டும் என்கிறார்கள். நாமோ இரண்டு முறை துப்பினால் "அவளுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கேரட் பொரியல் பதினோரு முறை அப்படியே திரும்பி வந்தது. பன்னிரண்டாவது முறை ஒன்றை எடுத்து நக்கிவிட்டு என் காலில் வைத்தாள். பதினான்காவது முறை தின்றாள். கத்திரிக்காய் இருபத்து மூன்று முறை. இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. முட்டையை அவித்தால் தொட மாட்டாள், மிளகு தூவிய ஆம்லெட் என்றால் என் தட்டிலிருந்தும் எடுப்பாள். கீரையைப் பருப்போடு கடைந்தால் சரி. தனியாகக் கண்ணில் பட்டால் தெருவில் எறிவாள்.

முருங்கைக்காயை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. நார் தொண்டையில் சிக்கும் என்று பயம். ஒரு மத்தியானம் எதிரே உட்கார்ந்த அத்தை சாம்பார் முருங்கைக்காயைப் பிளந்து, கண்ணை மூடி, உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் அதைச் சாப்பிடுகிற அழகுக்கு யாருக்கும் ஆசை வரும். பாப்பா எழுந்து போய், அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். அத்தை என் பக்கம் திரும்பி, சத்தம் வராமல், "எடுக்கவா?" என்று கேட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து நாரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஐந்து துண்டு. அன்று அத்தை அவளுக்கு ஒரு வாய்கூட ஊட்டவில்லை. அதற்குப் பிறகு சுற்றிப் போடுவதும் நின்றது. முருங்கைக்காய் விலைதான் இப்போது அவருடைய கவலை.

மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.4. எடை 10.8. அட்டையில் புள்ளி வைத்தபோது அதே பழைய கோடு, அதே இருபத்தைந்தாவது இடம். இவ்வளவு பாடுபட்டும் இடம் மாறவில்லையே என்று மனைவி கொஞ்சம் ஏமாந்தாள். டாக்டரம்மா அவளுடைய உயரத்தைக் கேட்டார், என் உயரத்தைக் கேட்டார், பிறகு சிரித்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

மொட்டை மாடிக்கு இப்போதும் போகிறோம், வெறும் கையோடு. நேற்று ஷிஃப்டில் இருக்கும்போது அத்தையிடமிருந்து வாட்ஸாப்பில் குரல் பதிவு வந்தது. பின்னால் பாப்பா தட்டைத் தரையில் தட்டுகிற சத்தம். "மாப்ள, இன்னிக்கு தயிர் சாதம் கொஞ்சம், அப்பளம் ரெண்டு, மாதுளம்பழம் ஒரு கை. அப்புறம் ஒரு எறும்பு. நான் எடுக்கறதுக்குள்ள முழுங்கிட்டா. அதைக் கணக்குல சேக்கணுமா?"